கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் வழி
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நான் கற்ற மிசன் பாடசாலையில், கன்ரபரிக்கு யாத்திரை போன ஆங்கிலேயரைப் பற்றிச் சோசர் பாடியவற்றை மனனஞ் செய்தோம். கதிர்காமத்துக்கு நடந்து போகும் நம்மவரைப் பற்றி ஒரு வரியும் பாடத்தில் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வழியைக் காலாற் படிப்பதே முறை.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியில் அது தொடங்குகிறது. வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாக இறங்கி உகந்தையை அடைகிறது. அதன் பின் காடு. ஆடிவேல் விழாக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமஞ் சேர வேண்டுமானால், ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்க வேண்டும். வேல் தாங்குபவர் முன்னே செல்வார். மற்றவர் பின் தொடர்வர். பெயரும் உத்தியோகமும் வீட்டிலேயே தங்கிவிடும். வழியில் எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’தான்.

இந்த வழி ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது? நடப்பது வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில். கிழக்கில் அப்போது மழையில்லை. கச்சான் காற்று உடம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே நல்ல தண்ணீருள்ள கிணறு எங்கே, மரநிழல் எங்கே, சோறிடும் ஊர் எங்கே என்று தேடித் தேடியே கால்கள் இவ்வழியைப் போட்டிருக்கின்றன. யாத்திரிகர் வரும் நாளை அறிந்து கோயில் முன்றிலில் உலை வைக்கும் கிராமத்துப் பெண்கள் கதிர்காமத்தைக் காணாதவர்களாகவும் இருக்கலாம். என் கணக்கில் அவர்களும் பாதயாத்திரிகரே.

உகந்தைக்கு அப்பால் உலை வைக்க ஊரில்லை. அரிசியையும் பருப்பையும் தலையிற் சுமந்து, குமுக்கன் ஆற்றைக் கடந்து, யால வனத்தினூடே ஐந்தாறு நாள் நடக்க வேண்டும். ஆற்றில் நீர் வற்றியிருந்தால் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுப்பர். யானையும் கரடியும் உலாவும் இடமாதலால் தனித்துப் போவாரில்லை. மாணிக்க கங்கையில் முழுகி எழும்போது கிடைக்கும் ஆறுதலை, பஸ்ஸிலே போய் முழுகியவர் எப்படி அறிவார்?

இவ்வழிக்கு இடையூறு வந்தது இன்று நேற்றல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதிக்கு அஞ்சிய ஆங்கில அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், அம்பாந்தோட்டையில் அதிகாரியாயிருந்தபோது, 1910இல் கதிர்காமத்திலேயே தங்கி யாத்திரையை மேற்பார்வை செய்தார். பிறகு மோட்டார்ப் பாதை வந்தது. 1983க்குப் பின் போரினால் வடக்கிலிருந்து வரும் நீண்ட நடை குலைந்தது. 2009இல் போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்து மறுபடியும் வேல் புறப்படுகிறது. ஆனால் காட்டுவழி ஆண்டுக்குச் சில நாட்களே திறக்கப்படுகிறது. நாளைக் குறிப்பவர்கள் அதிகாரிகள்.

இன்று பெருந்தொகையினர் உகந்தை வரை வாகனத்திற் சென்று, காட்டை மட்டும் நடக்கிறார்கள். விடுமுறை கிடையாத உத்தியோகத்தரை நான் குறைகூறேன். நான்கூடப் பரீட்சைகளுக்கு நடுவே எத்தனை நாள் ஒதுக்க முடியும்? எனினும் ஒன்றைக் கவனியுங்கள். காட்டுக்குக் காவலிருக்கிறது, சட்டமிருக்கிறது. சந்நிதி முதல் உகந்தை வரையுள்ள வழிக்கோ நடப்பவரையும் சோறிடுபவரையும் தவிர வேறு காவலில்லை. நாலு வருடம் ஒருவரும் தங்காத மடத்தில் ஆடு படுக்கும். இறைக்காத கிணறு தூர்ந்துபோகும். காட்டிலே பிளாஸ்ரிக் போத்தல்களை எறிந்துவிட்டு வரும் ‘சாமி’களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், இன்று பேசினால் கோபம் வரும்.

மன்றத்தாரிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. நமது பகுதியில் யாத்திரிகர் தங்கும் கிணறுகளைச் சித்திரைக்குள் இறைத்துத் துப்புரவாக்குவோம். இங்கிருந்து அடுத்த தங்குமிடம் வரையாவது, சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, வேலுக்குப் பின்னால் நடப்போம். பழைய தங்குமிடங்களின் பெயர்கள் பல, முன்பு நடந்த பெரியவர்களின் நினைவிலே மாத்திரம் இருக்கின்றன. அத்தகையோர் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் சற்றுப் பொறுத்திருந்து அப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருக்கிறேன்.