அமானிதமும் கணக்கும்

  

"யார் வந்தாலும் இதே கதைதான்!" தேநீர்க் கடையிலும், கல்யாண வீட்டிலும், பள்ளிவாசல் ஹவுழின் ஓரத்திலும் நாம் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. ஆட்சியாளர்களைத் திருடர்கள் என்று ஏசுகிறோம். மறுநாள் ஒரு சான்றிதழுக்காக அதே அரசின் வாசலில் கைகட்டி நின்று, கிடைத்தால் அதைத் தர்மமாக வாங்கி வருகிறோம். ஏசுவதும் கெஞ்சுவதும் குடிமக்களுக்கு அழகா? ஆட்சியை நாம் எந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும்? இதனை இன்று சிந்திப்போம்.

அன்பர்களே! ஆட்சி என்பது அமானிதம். ஹிஜ்ரி 11ஆம் ஆண்டில் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற ஹள்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் மக்கள் முன் நின்று, தாம் நல்லபடி நடந்தால் துணை நிற்குமாறும், தவறினால் திருத்துமாறும் கேட்டுக்கொண்டார்கள். புகழச் சொல்லவில்லை, விலகியிருக்கவும் சொல்லவில்லை. துணை நிற்றல், திருத்துதல் ஆகிய இரண்டையும் மக்களின் கடமையாக ஆக்கினார்கள். ஆட்சியாளரை நாமே தேர்ந்தெடுக்கும் இக்காலத்தில் அக்கடமை இன்னும் கனமானதல்லவா?

நம் நாட்டின் நிலையைப் பாருங்கள். 1951-52இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடி வாக்காளர்கள் இருந்தனர். அவர்களில் பாதிப்பேர் கூட வாக்களிக்கவில்லை. 2024ஆம் ஆண்டுத் தேர்தலிலோ ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்களில் 64 கோடிக்கும் அதிகமானோர் வாக்களித்தனர். குறை சொன்னாலும் மக்கள் வாக்குச் சாவடிக்கு வருகிறார்கள். இது நல்ல செய்தி. ஆனால் விரலில் மை காய்வதற்குள் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோமே, அங்குதான் கோளாறு!

வெறுப்பைப் பதிவு செய்யவும் வழி உண்டு. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் 'நோட்டா' வந்தது. 2024இல் இந்தூர் தொகுதியில் மட்டும் இரண்டு லட்சத்திற்கும் அதிகமானோர் அதனை அழுத்தினர். ஆயினும் வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே உறுப்பினரானார். வெறுப்பைத் தெரிவிப்பதோடு நின்றுவிட்டால் ஊரின் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வந்துவிடாது.

பிறகு எதனால் வரும்? இராஜஸ்தானின் ஏழைத் தொழிலாளர்கள் இதற்குப் பாடம் சொல்லித் தந்தார்கள். வறட்சி மிகுந்த அப்பகுதியில் அரசுப் பணிகளில் மண் சுமந்தவர்களுக்கு முழுக் கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், ஏட்டில் உள்ளபடிதான் தருகிறோம் என்றனர். "அப்படியானால் அந்த ஏட்டைக் காட்டுங்கள்" என்று அவர்கள் கேட்டார்கள். 1990இல் அருணா ராய் முதலியோர் அவர்களோடு இணைந்து ஒரு தொழிலாளர், விவசாயிகள் சங்கத்தை அமைத்தனர். 1994 முதல் ஊர்ப் பொதுவில் மக்களைக் கூட்டிக் கூலிப் பட்டியல்களை உரக்க வாசித்தனர். வேலைக்கே வராதவர் பெயரிலும் கூலி எடுக்கப்பட்டிருந்தது வெளிவந்தது! 1996இல் பியாவர் நகரில் 40 நாட்கள் அறப்போராட்டம் நடத்தினர். இவ்வாறு எழுந்த கோரிக்கை நாடெங்கும் வலுப்பெற்று, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக மலர்ந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! அவர்களுள் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆட்சியாளர்களை நம்பவில்லை என்பதற்காக அவர்கள் வீட்டில் முடங்கவில்லை. அந்த நம்பிக்கையின்மையையே ஒரு கேள்வியாக மாற்றினார்கள்.

அந்தச் சட்டம் இன்று நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு எழுதினால், பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தமிழகக் கிராமங்களில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவை அங்கே கேட்கலாம். நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? தனியாகக் கேட்பவருக்கு மிரட்டல் வரலாம். ஊரே சேர்ந்து கேட்டால் அந்த அச்சம் குறையும். எனவே எல்லாச் சமுதாயத்தாரோடும் இணைந்து கேளுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகள் முன்னால் "எல்லோரும் திருடர்கள்" என்று சொல்லிச் சொல்லி, நேர்மையாகப் பணியாற்றும் அலுவலரையும் சேர்த்தே இகழ்கிறோம். கேட்டு வளரும் பிள்ளை, நேர்மைக்கு நாட்டில் இடமில்லை என்று முடிவு கட்டிவிடும். நல்லது செய்தவரைப் பாராட்டுங்கள். தவறு செய்தவரிடம் ஆதாரத்துடன் கேளுங்கள். கையூட்டுக் கொடுத்துக் காரியம் முடித்துவிட்டு ஆட்சியைக் குறை சொல்லாதீர்கள். கொடுத்த கையும் அந்தக் குற்றத்தில் பங்காளிதான்.

ஆள்வோரிடம் அவர்களுடைய அமானிதம் பற்றி விசாரணை உண்டு. வாக்கு என்னும் அமானிதத்தைப் பெற்ற நம்மிடமும் உண்டு. அந்த நாளில் பதில் சொல்லக்கூடியவர்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.