சாலையும் படையும்



திருவனந்தபுரம் வலியசாலையில் உள்ள காந்தளூர் மகாதேவர் ஆலயம் பழைய காந்தளூர்ச் சாலையை நினைவூட்டுவது. அச்சாலையை மாதிரியாகக் கொண்டு, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலை நிறுவினான். அவர்கள் சபைக்கு ஆயுதத்துடன் வரலாகாது என்று செப்பேடு விதிக்கிறது; படைக்கலம் அவர்கட்குப் பழக்கமே போலும்! இடங்கள் யாவும் ஆடவர்க்கே. கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியோ, உச்ச நீதிமன்றம் 2021-இல் தலையிட்ட பின்னரே, 2022-இல் பெண்களைச் சேர்த்தது.

நம் நாட்டில் கட்டாயப் படைச்சேவை இல்லை. ஆயினும் பொதுக் காரியங்களுக்காகக் கட்டாயப் பணி விதிக்க அரசியலமைப்பின் 23-ஆம் விதி இடந்தருகிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கி வேற்றுமை காட்டலாகாது என்கிறது. 15-ஆம் விதியில் காணும் 'பால்' என்ற சொல் இங்கே இல்லை. ஆகவே பெண்களை விட்டு ஆடவரை மட்டும் அழைப்பதை இவ்விதி தடுக்காது.

அவ்வழைப்பு ஒருநாள் வருமாயின், மகளுக்கும் வரவேண்டும் என்பேன். பெண்ணால் இயலுமா என்று கேட்போர், 1943-இல் சிங்கப்பூரில் டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையை நினைக்கட்டும். மலேயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் தாமே முன்வந்து துப்பாக்கி ஏந்தினர், எவரும் கட்டாயப்படுத்தவில்லை. நார்வே 2015 முதல் இருபாலாரையும் கட்டாயச் சேவைக்கு உட்படுத்தியுள்ளது. ஆனால் பயிற்சிக்கூடத்தின் கதவைப் பாதி திறந்துவைத்து, போர்முனைக்கு மட்டும் முழுதாக அழைப்பது நியாயமன்று. முதலில் கதவு, பிறகு, 23-ஆம் விதியில் விடுபட்ட அந்த ஒரு சொல்.