காதில் விழுந்ததும் ஒட்டுக்கேட்டதும்



லயத்து வீட்டில், பக்கத்து வீட்டுப் பேச்சு பலகைச் சுவரைத் தாண்டித் தானாகவே நம் காதில் விழும். ஆங்கிலத்தில் இது ‘ஓவர்ஹியர்’. மறைந்து நின்று வேண்டுமென்றே கேட்பதோ ‘ஈவ்ஸ்டிராப்’, தமிழில் ஒட்டுக்கேட்டல்.

‘ஈவ்ஸ்’ என்றால் கூரையின் இறவாரம். அதிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில், சுவரோரமாக நின்று உள்பேச்சைக் கேட்டவனுக்கு இட்ட பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டு வரை இது குற்றமாகவே இருந்தது.

என் மாணவி ஒருத்தி, அப்பாவுக்கு வேலை போன செய்தி தற்செயலாகக் காதில் விழுந்ததைக் கட்டுரையில் ‘ஈவ்ஸ்டிராப்’ என்று எழுதிவிட்டாள். செய்யாத குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டாள்!

எழுதுமுன் எண்ணிப் பாருங்கள்: பேச்சு என்னைத் தேடி வந்ததா, நான் அதைத் தேடிப் போனேனா?