செருக்குற்ற நாடுகளும் தெய்வத் தீர்ப்பும்

வன்னி நிலத்திலே, முல்லைத்தீவை அடுத்த நந்திக்கடலின் கரையிலே, வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில் விளங்குகிறது. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் போந்து, அங்கே மாடு மேய்த்த சிறுவர்க்கு முதியவள் வடிவிலே தோன்றினாள் என்பது அவ்வூர் மரபு. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதும் அம்மரபின் வழி வந்ததே. ஆகவே, தவறிய அரசைத் தெய்வம் தண்டிக்கும் என்னும் எண்ணம் வன்னி மக்களுக்குப் புதியதன்று. அவ்வெண்ணத்தை எபிரேயத் தீர்க்கதரிசிகள் எவ்வாறு எடுத்துரைத்தனர் என்பதை நேயர்கள் ஒப்புநோக்குவது பயனுடைத்து.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில், யூதா நாட்டுத் தெக்கோவா ஊரிலே ஆமோஸ் என்பார் வாழ்ந்தார். மந்தை மேய்ப்பதும் காட்டத்தி மரங்களைப் பேணுவதும் அவர் தொழில். அவர் வடநாடாகிய இஸ்ரவேலுக்குச் சென்று, இறைவனின் தீர்ப்பை உரைத்தார். முதலில் அயல்நாடுகளைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினார். தமஸ்கு கீலேயாத்தை இருப்புக் கருவிகளால் போரடித்தது. காசா குடிமக்களைச் சிறைபிடித்து ஏதோமிடம் ஒப்புவித்தது. மோவாப் ஏதோம் அரசனின் எலும்புகளைச் சுட்டெரித்தது. ஏதோம் இஸ்ரவேலுக்கு நட்பு நாடன்று. அதற்குத் தீங்கிழைத்தோரையும் இறைவன் கேள்வி கேட்பான் என்பது ஆமோஸின் துணிபு.

இதுவரை கேட்டவர் மகிழ்ந்திருப்பர். ஆயின், அடுத்துத் தம் யூதாவையும், இறுதியிலே கேட்போரின் இஸ்ரவேலையும் அவர் அதே வரிசையில் நிறுத்தினார். அங்கே அவர் கண்ட குற்றம் யாது? ஏழையை ஒரு சோடி மிதியடிக்கு விற்றனர். வழக்காடு வாயிலிலே கைக்கூலி வாங்கினர். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, சொந்த நாட்டுக்கே ஓடிப்போகுமாறு அவரைப் பணித்தான். சில பத்தாண்டுகளுள், ஏறத்தாழ கி.மு. 722இல், தலைநகர் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. வென்ற அசீரியரின் நினிவேயும் கி.மு. 612இல் அழிந்தது. அவ்வழிவில் பங்குகொண்ட பாபிலோன் கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசுக்குப் பணிந்தது. வெற்றி ஒருபோதும் நேர்மைக்குச் சான்றாகாது.

பாண்டியனோ அமத்சியாவைப் போன்றவனல்லன். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, வழக்குரைத்த அயல்நாட்டுப் பெண்ணை அவன் துரத்தவில்லை. தன் தவற்றை உணர்ந்து உயிர்நீத்தான். தன் குற்றத்தைத் தன் அவையிலேயே கேட்டறிந்த பெருமை அவனுக்கு உண்டு.

அந்த நந்திக்கடலின் மறுபுறத்திலே, முள்ளிவாய்க்காலில், 2009 மே மாதத்திலே நீண்ட போர் முடிவுற்றது. வென்றோர் அதனைத் தெய்வ அருள் எனவும், இழந்தோர் தம்மேல் விழுந்த சாபம் எனவும் எண்ணுதல் எளிது. இரண்டும் தீர்க்கதரிசிகளின் அளவைக்குப் பொருந்தா. சிலப்பதிகாரத்தில் கண்ணகி ஏவிய தீக்கு, முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு ஆணை இருந்தது. மனிதர் மூட்டும் போர் அவ்வாணையை அறியாது. மாண்ட குழந்தையைக் காட்டித் தெய்வத் தண்டனை என்போர், ஆமோஸ் சாடியது யாரை என்பதை மறந்தவராவர். ஏழையை விற்றவரையே அவர் சாடினார். விற்கப்பட்ட ஏழையை அன்று.

ஆகவே, பிறர்மேல் எறியும் கல்லாக இத்தீர்க்கதரிசனங்களைக் கொள்ளுதல் முறையன்று. அவ்வரிசையிலே தன் பெயர் எங்கே வரும், எக்குற்றத்துக்காக வரும் என்று ஒவ்வொரு நாடும் ஒவ்வோர் இனமும் தன்னையே வினவுதல் வேண்டும்.