தானாக ஓடும் பம்பு

(அமராவதிபுதூரில் நடைபெற்ற கிராம மக்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



கிணற்றில் கயிறு போட்டு நீர் இறைத்த காலத்தில், கை ஓய்ந்தால் வாளியும் ஓய்ந்தது. இன்று வீட்டுக்கு வீடு மின்சார பம்பு வந்துவிட்டது; மகிழ்ச்சியே. ஆனால், “குழாயை ஒருவரும் திறக்கவில்லை, நள்ளிரவில் பம்பு தானே ஓடுகிறது, தானே நிற்கிறது” என்னும் முறையீடு அடிக்கடி என் காதுக்கு வருகிறது. ஓர் ஆச்சி, “வீட்டில் காற்றுக் கறுப்பு ஏதும் இருக்குமோ?” என்றுகூடக் கேட்டார்கள்.

சென்று பார்த்தோம். கழிவறைத் தொட்டியின் அடியிலிருந்த ரப்பர் தேய்ந்து, நூலிழைபோல் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குள் புது மோட்டாரே வாங்கிப் பொருத்திவிட்டார்கள்! அதுவும் பழையதைப் போலவே ஓடி ஓடி நின்றது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

பம்பு எப்படி அறிகிறது?

குழாயைத் திறந்தவுடன் தானாக ஓடும் பம்பில் ‘பிரஷர் சுவிட்சு’ ஒன்று உண்டு. குழாயினுள் அழுத்தம் குறைந்தால் அது மோட்டாரை ஓட்டும், கூடினால் நிறுத்தும். குறைந்தது திறந்த குழாயாலா, ஒழுக்காலா என்று அதற்குத் தெரியாது. ஆகவே, காரணமின்றி ஓடும் பம்பு நமக்கு ஒரு செய்தி சொல்கிறது: “எங்கோ தண்ணீர் போகிறது, பார்” என்பதே அது.

நான்கு சோதனைகள்

முதலாவது: வீட்டிலுள்ள குழாய்கள் அனைத்தையும் மூடுங்கள். அப்போதும் பம்பு விட்டு விட்டு ஓடினால் ஒழுக்கு உண்டு. பிறகு, பம்பிலிருந்து வீட்டுக்குச் செல்லும் வால்வை மூடுங்கள். ஓட்டம் நின்றால் ஒழுக்கு வீட்டினுள்ளே. நிற்காவிட்டால், நீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வு பழுது என்று ஐயுறலாம்.

இரண்டாவது: கழிவறைத் தொட்டியில் சிறிது மஞ்சள் கரைத்த நீரை ஊற்றிக் கால்மணி நேரம் பொறுங்கள். திறக்காமலே கீழே மஞ்சள் நிறம் தெரிந்தால் கள்வன் அகப்பட்டான்.

மூன்றாவது: குழாய் திறந்திருக்கும்போது சில விநாடிகளுக்கு ஒருமுறை பம்பு ‘டக், டக்’ என்று நின்று ஓடுகிறதா? அழுத்தத் தொட்டியில் காற்றுக் குறைந்திருக்கலாம். அக்காற்று வில்லைப்போல் சுருங்கி விரிந்து பம்புக்கு ஓய்வு தருவது. மின்சாரத்தை நிறுத்தி, நீரை முழுதும் வடித்தபின், சைக்கிள் டியூபுக்குப் பார்ப்பதுபோல் காற்றை அளந்து பாருங்கள். 20 பவுண்டில் ஓடத் தொடங்கும் பம்பிற்குச் சுமார் 18 பவுண்டு காற்று வேண்டும். காற்று வால்விலிருந்து தண்ணீர் வந்தால் உள்ளிருக்கும் ரப்பர்ப் பை கிழிந்துவிட்டது.

நான்காவது: சிறிது நேரம் ஓடி நின்று, நெடுநேரம் கழித்து மீண்டும் ஓடினால், மோட்டார் சூடேறி அதன் காப்புக் கருவி நிறுத்துகிறது எனலாம். மின்னழுத்தக் குறைவு இதற்கு ஒரு காரணம். ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றினாலும், அதற்கென வைத்த கருவி இவ்வாறே நிறுத்தும். காப்புக் கருவியைத் துண்டித்துவிட்டு மோட்டாரை ஓட்டுவோர் உண்டு. வேலியை அறுத்துவிட்டுப் பயிரைக் காப்பது போன்றதே அச்செயல்.

எதைத் தொடுமுன்னும் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஈரக் கையோடு மின்கம்பி அருகே செல்லாதீர்கள். மின்இணைப்பு வேலையை உரிமம் பெற்றவரிடமே விடுங்கள். பம்பு இருபது ரூபாய் ரப்பராலும் பழுதாகும். உயிர் போனால் திரும்பாது.

சிறு ஒழுக்கு, பெரு நட்டம்

200 மில்லி லிட்டர் தம்ளரை 5 நிமிடத்தில் நிரப்பும் ஒழுக்கை நாம் பொருட்படுத்துவதில்லை. ஒரு நாளைக்கு அது 288 தம்ளர். அதாவது 57 லிட்டருக்கு மேல். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவே 55 லிட்டர்தான்! ஒரு மனிதரின் பங்கு சாக்கடையில் போகிறது.

ஊருணி வெட்டி, கூரை நீரை முற்றத்தில் வாங்கிச் சேமித்த நாடு நம் செட்டிநாடு. 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்குமுன்பே அதன் அருமை அறிந்த ஊர்கள் இவை. ஆயினும் இன்று பூட்டிய வீடுகள் பல. உள்ளே பம்பு ஓடினாலும் கேட்பாரில்லை. ஆகவே வெளியூர் செல்வோர் பம்பின் சுவிட்சை நிறுத்திச் செல்லுங்கள். பஞ்சாயத்து அன்பர்கள் பூட்டிய வீடுகளில் ஓசை கேட்டால் உரியவருக்குத் தெரிவியுங்கள். பொதுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதையும் தடுங்கள்; அண்டை வீட்டாரின் பங்கு குறைவதோடு, வெடிப்பு வழியே அழுக்கு நீரும் குடிநீரில் கலக்கும்.

இன்றிரவு படுக்குமுன் குழாய்களை மூடிவிட்டு, கால்மணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். பம்பு பேசாதிருந்தால் நலம். பேசினால், நாளைக் காலையே தேடத் தொடங்குங்கள்.