பொறுத்துக் கட்டுதல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று இரண்டையும் சேர்த்தே நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். ஆயினும், முகூர்த்த நாளைக் குறித்துவிட்டுப் பெண் தேடப் புறப்படுவார் ஒருவருமில்லை. கட்டிட விஷயத்திலோ, அஸ்திவாரம் போட நாள் குறித்த பிறகே படத்தைப் பற்றி நினைப்பவர் பலர். கட்டிடக் கலைஞன் என்ற முறையில் அவர்களிடம் நான் கூறும் முதல் வார்த்தை, "சற்றுப் பொறுங்கள்" என்பதுதான்.

பொறுத்து என்ன செய்கிறீர்கள் என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். பள்ளிக்கூடம் வேண்டுமென்று ஒருவர் வந்தால், எத்தனை வகுப்புகள், கையிருப்பு எவ்வளவு, பத்தாண்டு கழித்து என்ன தேவைப்படும் என்று முதலில் கேட்டறிகிறோம். பின்பு மனையைப் பார்க்கிறோம். மண்ணின் தன்மை யாது, மழைநீர் எப்பக்கம் வடிகிறது, வெயிலும் காற்றும் எத்திசையில் வருகின்றன என்று ஆராய்கிறோம். அதன் பிறகே மாதிரிப் படம் வரைகிறோம். அதற்கு உரியவர் இசைந்தபின், பொறியியலாரோடு கலந்து அளவுப் படங்களைத் தயாரித்து, செலவை மதிப்பிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம். வேலை தொடங்கியபின், படத்தில் உள்ளபடி கம்பி கட்டப்படுகிறதா, கலவை சரியா என்று நேரில் சென்று பார்க்கிறோம்.

இந்த வரிசை தவறினால் வருவதென்ன என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னி துறைமுகத்தருகே, பாய் விரித்த கப்பல்போல் நிற்கும் இசை நாடக மாளிகையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1957ஆம் ஆண்டு முடிவு அறிவிக்கப்பட்ட போட்டியில், டென்மார்க் நாட்டவரான யோர்ன் உட்சன் என்னும் கலைஞரின் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிப்பி வடிவான அக்கூரையை எவ்வாறு கட்டுவது என்பது அப்போது எவருக்கும் தெளிவாகவில்லை. ஆயினும், தாமதித்தால் ஆதரவு குறைந்துவிடும் என்றஞ்சிய அரசாங்கம், 1959ஆம் ஆண்டிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது.

ஒரே உருண்டையின் மேற்பரப்பிலிருந்து எல்லாச் சிப்பிகளையும் வெட்டியெடுக்கலாம் என்ற அரிய விடை 1961ஆம் ஆண்டில் கிடைத்தது. வளைவு ஒன்றேயாதலால், கான்கிரீட் துண்டுகளை அச்சில் வார்த்துக் கோக்க முடிந்தது. ஆனால் அதற்குள் கீழே மேடை வேலை நடந்துகொண்டிருந்தது. கூரையைத் தாங்கும் வலு தூண்களுக்குப் போதாதென்று தெரிந்து, அவற்றைத் திரும்பக் கட்ட நேர்ந்தது. 1963இல் முடியுமென எண்ணிய மாளிகை 1973இல்தான் திறக்கப்பட்டது. எழுபது லட்சம் டாலர் என்ற மதிப்பீடு பத்துக் கோடியைத் தாண்டியது. அரசாங்கத்தோடு பிணங்கி 1966ஆம் ஆண்டில் நாடு திரும்பிய உட்சன், 2008இல் காலமாகும்வரை, முடிவுற்ற தம் மாளிகையை நேரில் காணவேயில்லை.

பெரியவர்களின் கதையைச் சொல்லி என் பிழையை மறைத்தல் நேர்மையன்று. தொழிலின் தொடக்கத்தில், ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு மாடி வேண்டுமா என்பது முடிவாகுமுன்பே அஸ்திவாரம் போட இசைந்துவிட்டேன். நல்ல நாள் தவறிவிடும் என்றார்கள். மறுக்க எனக்குத் துணிவில்லை. பின்னர் பிள்ளைகள் பெருகி மாடி கேட்டபோது, அஸ்திவாரம் தாங்காது என்று நானே கைவிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வகுப்புகள் பல ஆண்டுகள் கீற்றுக் கொட்டகையில் நடந்தன. மழைக்காலத்தில் அக்குழந்தைகள் புத்தகத்தை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நான் மறக்கவில்லை.

காகிதத்தில் தவறிய கோட்டை ரப்பர்த் துண்டு அழித்துவிடும். கான்கிரீட்டில் தவறியதை அழிக்கச் சம்மட்டி வேண்டும். உங்கள் ஊரில் எங்கேனும் கட்டிட வேலை நடந்தால், மேஸ்திரியின் அனுமதி பெற்று, அவர் கையிலுள்ள படத்தை ஒருமுறை பாருங்கள். நாளை உங்களில் ஒருவர் அத்தகைய படத்தை வரையும்போது, அவசரப்படுத்துவோரிடம் "பொறுங்கள்" என்று சொல்லும் துணிவும் உங்களுக்கு இருக்கட்டும்.