பேரய்யாவின் ஞாயிற்றுக்கிழமை



அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய ஊர் இது. முருகன் ஏழடி உயரத்தில் நிற்கும் ஊர். இங்கே போய் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாப்டிஸ்ட் போதகர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், கூட்டம் ஏற்பாடு செய்த நண்பர் கொஞ்சம் யோசித்தார். "ஊர் எப்படி எடுத்துக்கொள்ளுமோ ஐயா" என்றார். ஊர் நன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். எந்தச் சாமி பெரிது என்கிற வழக்குக்கு நான் வரவில்லை. தோல் வியாபாரம் செய்து பிழைத்த ஒரு மனிதர் போதகராகி ஊர் ஊராக நடந்தார். அவர் நடந்ததால் சில கிராமங்களில் உழைக்கிற ஜனம் வாரத்தில் ஒருநாள் "இன்று வேலைக்கு வரமாட்டோம்" என்று சொல்லிப் பார்த்தது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிற உங்களுக்கு இந்தக் கதை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் பெயர் எர்ரகுண்ட்ல பேரய்யா. ஊர் தலகொண்டபாடு. ஓங்கோலிலிருந்து ஏறக்குறைய 40 மைல் மேற்கே, இன்றைய ஆந்திராவில். அன்றைக்கு அதுவும் நம் செங்கல்பட்டும் ஒரே சென்னை மாகாணம். பேரய்யா மாதிகர் குலத்தில் பிறந்தவர். மாதிகர் யாரோ எவரோ என்று நினைக்காதீர்கள். 2009-இல் தமிழ்நாடு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது அந்தப் பட்டியலில் சேர்த்த ஏழு பெயர்களில் மாதிகாவும் ஒன்று. நம் மண்ணிலும் அந்த உறவு இருக்கிறது.

ஊரில் மாதிகர் என்ன செய்வார்? கிணற்றில் இறைக்கிற கவலைச் சால் அவர் தைத்துத் தருவது. செருப்பு, வார், மாட்டுக்குத் தோல் கயிறு எல்லாம் அவர் கைவேலை. திருவிழாவில் தப்பு அடிப்பதும் அவர் பொறுப்பு. கூப்பிட்ட குரலுக்கு ஓடவேண்டும். கூலி என்று காசு கிடையாது. அறுவடையில் கொஞ்சம் தானியம், ஊரில் செத்த மாடு. தோலும் அவருக்கு, கறியும் அவருக்கு. அந்தச் செத்த மாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் அதனிடம் வருவேன்.

பேரய்யா வெறும் தோல்காரர் அல்லர். வடக்கே ஏலூர் வரை வியாபாரம் போய் வந்தவர். அதோடு ஞானத் தேட்டம் உள்ள மனிதர். யோக மார்க்கத்துக் குருவிடம் தீட்சை பெற்று, மூச்சை அடக்கித் தியானம் பழகியவர். சேரியில் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்களா என்று கேட்கிறவர்கள் நம் சித்தர் மரபைச் சரியாகப் படிக்காதவர்கள். பிறகு வியாபாரத்துக்காக ஏலூர்ப் பக்கம் போன இடத்தில் மிஷனரிகள் பேசியதைக் கேட்டார். கேட்டது மனத்தில் தைத்துவிட்டது. ஊர் திரும்பி, யாரும் ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னாலேயே, தன் உறவுக்காரர்களிடம் இந்தப் புதுச்செய்தியைப் பேச ஆரம்பித்துவிட்டார். 1866-இல்தான் லைமன் ஜூவெட் என்கிற அமெரிக்க மிஷனரி அவருக்கும் அவர் மனைவிக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். முதலில் பேச்சு, பிறகுதான் முழுக்கு. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதில்லை. வளர்ந்த ஆள் தானாக நம்பி, தானே ஆற்றில் இறங்கி முழுகவேண்டும். அந்தச் சபையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த வில்லியம் கேரி, 1793-இல் வங்காளம் வந்து இறங்கியவர், இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். செருப்புத் தைத்தவர் தொடங்கிய வேலை எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு தோல் வியாபாரியின் வீட்டு வாசலுக்கு வந்தது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

1866-இன் கடைசியில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்கர் ஓங்கோலில் குடியேறினார். மிஷனரி ஆவதற்கு முன் மினசோட்டாவில் நில அளவை வேலை பார்த்தவர். சங்கிலி பிடித்து நிலம் அளந்த கை. ஓங்கோல் பிராமணர்கள் அவரை வரவேற்றார்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்துத் தரச்சொன்னார்கள். அவருக்கும் சந்தோஷம். மேல்சாதியைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்பது அந்தக் கால மிஷனரிகள் பலருடைய கணக்கு.

1867 ஜனவரியில் கிளஃப், பேரய்யாவின் ஊர்ப்பக்கம் போய்க் கூடாரம் போட்டார். சுற்றுக் கிராமங்களிலிருந்து முப்பது நாற்பது பேர் கட்டுச்சோற்றோடும் மாற்றுத்துணியோடும் வந்து உட்கார்ந்தார்கள். மாற்றுத்துணி எதற்கு? ஆற்றில் முழுகி எழுந்ததும் உடுத்திக்கொள்ள. முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஐந்து நாள் பேசிவிட்டு 28 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் கிளஃப். அந்த 28 பேரையும் சேர்த்துவைத்தவர் பேரய்யா.

ஓங்கோலில் உடனே கலகம். மாதிகர் சேர்கிற இடத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று பிராமண வீட்டார் சொல்லிவிட்டார்கள். கிளஃபுக்குத் தர்மசங்கடம். அன்றிரவு அவரும் அவர் மனைவியும் தனித்தனியாக வேதாகமத்தைப் பிரித்தபோது இருவருக்கும் ஒரே இடம் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்: கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம், உலகம் இழிவாக நினைப்பவர்களைக் கடவுள் தேர்ந்தெடுத்தார் என்று பவுல் சொல்லும் பகுதி. தற்செயலோ, அருளோ, உங்கள் விருப்பம். மறுநாள் பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும், மாதிகரை விடமாட்டேன் என்று முடிவெடுத்தார். எனக்கோ, அந்த முடிவைப் பேரய்யா அதற்கு முன்பே அவருக்காக எடுத்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. 28 பேரைக் கொண்டுவந்து கண்ணெதிரே உட்காரவைத்த பிறகு எந்த வேதத்தைப் பிரித்தால் என்ன!

இனி நான் சொல்லவந்த விஷயம். சேருகிறவர்களுக்குக் கிளஃப் மூன்று நிபந்தனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. செத்த மாட்டுக் கறி தின்னக்கூடாது. விக்கிரகங்களை வணங்கக்கூடாது. மேடையில் சொல்லும்போது மூன்றும் சமய விதிகள் போலத்தான் இருக்கின்றன. கிராமத்தில் போய் நின்று பாருங்கள். செத்த மாட்டை வேண்டாம் என்றால் கூலியில் பாதியை வேண்டாம் என்று அர்த்தம். விக்கிரகத்தைக் கும்பிடமாட்டேன் என்றால் திருவிழாவில் தப்பு அடிக்கமாட்டேன் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றால்? அதைச் சொல்ல அதுவரை அந்தச் சேரியில் யாருக்கும் வாய் எழுந்ததில்லை.

ரெட்டிகளும் கர்ணங்களும் சும்மா விடுவார்களா? அறுவடை நேரம், சால் கிழிந்து கிடக்கிறது, தைப்பவன் ஜெபம் பண்ணுகிறேன் என்கிறான்! தண்ணீருக்குத் தடை, கடைச் சாமானுக்குத் தடை, பொய் வழக்கு, அடி. போதகராக நடந்த பேரய்யா போன்றவர்களின் வேலையில் பாதி இந்தத் தொல்லைகளுக்கு நடுவில் ஜனங்களுக்குத் தைரியம் சொல்வதுதான். வெள்ளைக்காரத் துரை ஓங்கோலில் இருந்தார். அடி விழுந்த ஊரில் இருந்தது உள்ளூர்ப் போதகர்.

பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டு போராடி ஞாயிறு விடுப்பு வாங்கித் தந்தது 1890-இல். தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுப்பு எழுதப்பட்டது 1891-இல். பேரய்யாவின் உறவினர்கள் 1867-லேயே வரமாட்டோம் என்றார்கள், எந்தச் சட்டமும் பக்கத்தில் இல்லாமல். இதைத் தொழிற்சங்கப் போராட்டம் என்று நான் வண்ணம் பூசமாட்டேன். அவர்களுக்கு அது கடவுளுக்குக் கொடுத்த நாள். ஆனால் எசமானுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. வேலைக்கு ஆள் வரவில்லை என்பதுதான் அவர் கண்டது.

இதே காலத்தில் நம் மாவட்டம் எப்படி இருந்தது? செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹியர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாட்களையும், குடிசை போட்ட மனைகூட மிராசுதாருடையதாக இருந்ததையும் அதில் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு வந்த அரசாணைப்படி ஒதுக்கிய நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கத்துச் சேரிகளில் வேலைசெய்தவர்கள் ஸ்காட்லாந்து சபைக்காரர்களும் வெஸ்லி சபைக்காரர்களும், பாப்டிஸ்ட்கள் அல்லர். சபை வேறு, ஆனால் குடிசை ஒன்றுதான்.

தப்பு பற்றி ஒரு வார்த்தை. பேரய்யாவின் ஆட்கள் தப்பை இறக்கிவைத்தார்கள். அடிமை வேலையின் அடையாளம் அது, இறக்கிவைத்ததில் நியாயம் உண்டு. இன்றைக்கு நம் பிள்ளைகள் பறையைத் தோளில் மாட்டி மேடையில் நெஞ்சை நிமிர்த்தி அடிக்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. கிளஃப் இருந்திருந்தால் அவருக்கு இது விளங்கியிருக்காது என்பது என் எண்ணம். அந்தத் தோலுக்குள் ஒரு கலை இருந்ததை மிஷன் பார்க்கவில்லை.

ஓங்கோல் கதைக்குத் திரும்புகிறேன். அங்கே பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. மாகாணம் முழுக்கப் பிணம். பக்கிங்காம் கால்வாயை நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்த்திருப்பீர்கள். அந்தப் பஞ்சத்தில் பசித்த ஜனத்தைக் கூலிக்கு வைத்துத்தான் அதை நீட்டி வெட்டினார்கள். அப்போது சென்னைக் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் அதற்கு. நில அளவை தெரிந்த கிளஃப், அதில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தைத் தானே எடுத்தார். போதகர்கள் மேஸ்திரிகள் ஆனார்கள். மதியம் மண்வெட்டியைக் கீழே வைத்து ஜனங்கள் உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். பஞ்சத்தில் சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்கிற குற்றச்சாட்டு அன்றே இருந்தது. கிளஃபுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் பதினைந்து மாதம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கால்வாய் வேலை முடிந்து, கொடுக்கக் கையில் காசு இல்லாத நிலையில்தான் கதவைத் திறந்தார். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில், வெல்லம்பள்ளியில், ஒரே நாளில் 2,222 பேர் முழுகினார்கள்.

உலகமெங்கும் மிஷன் பத்திரிகைகளில் இது கிளஃபின் சாதனையாக வந்தது. ஆனால் அன்று தண்ணீரில் நின்று முழுக்குக் கொடுத்தவர்கள் ஆறு உள்ளூர்ப் போதகர்கள். இருவர் இருவராக முறைவைத்து இறங்கினார்கள், மதிய ஓய்வு போகச் சாயங்காலம்வரை. கிளஃப் கரையில் இருந்தார். அவர் அடக்கமானவர், இதை மறைக்கவில்லை. மறந்தது நாம்தான்.

பேரய்யாவைப் பற்றி நமக்கு இவ்வளவாவது கிடைத்ததற்கு ஒரு பெண் காரணம். எம்மா ராஷன்புஷ், கிளஃபின் இரண்டாவது மனைவி. பெண்ணுரிமைக்கு முன்னோடியான மேரி உல்ஸ்டன்கிராஃப்டைப் பற்றி ஆய்வு செய்தவர். அந்த அம்மையார், வயதான மாதிகப் போதகர்களைப் பேசவைத்துக் கேட்டு, 1899-இல் ஒரு நூல் வெளியிட்டார். குருமார்கள், யோகம், தோல் வேலை, பேரய்யா எல்லாம் அதில் இருக்கின்றன. பெயர்: 'வைல் சோயிங் சாண்டல்ஸ்'. செருப்புத் தைத்துக்கொண்டே பேசியவர்களின் கதை. இன்றைக்குக் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம்.

அந்த அம்மையார் செய்ததில் நூறில் ஒரு பங்காவது நாம் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுநாள் பற்றிய இந்தக் கதை இன்னும் முடியவில்லை: 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீக் ஆஃப் நாளில் ஓ.டி. பார்க்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் கேளுங்கள்: பண்ணையில் இருந்தபோது வாரத்தில் ஒருநாள் லீவு உண்டா, இல்லையென்றால் முதன்முதலில் எந்த வேலையில் எப்போது கிடைத்தது, யாரிடம் கேட்டு வாங்கினார்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேசப் போவதில்லை. அந்தத் தாள்களைத்தான் வாசிக்கப் போகிறோம்.